கடைசித் தொட்டியின் மீன்கள்

எங்கள் கம்பெனியில் எனக்கு மேலே ஒரு மேனேஜர், எனக்குக் கீழே ஆறு மீன்கள். ஒன்பது வருட சர்வீஸில் நான் சேர்த்த படை அவ்வளவுதான். நான் சொல்வதை மேனேஜர் காதில் வாங்குவதில்லை. மீன்களாவது என் கையில் பொரியைக் கண்டால் மேலே வரும்.

ஒரகடம் பக்கம், வண்டி உதிரிபாகங்களுக்கு முலாம் பூசுகிற கம்பெனி அது. இரும்புத் துண்டுகளை ஜிங்க் தொட்டியிலும் நிக்கல் தொட்டியிலும் முக்கி எடுத்துக் கழுவுவார்கள். கழுவின தண்ணீர் முழுக்க என் பகுதிக்கு வரும். அதில் சுண்ணாம்பும் மருந்தும் கலந்தால் உலோகம் சேறாகிக் கீழே படியும். சேற்றைப் பிழிந்து மூட்டை கட்டிவிட்டு, மேல்தண்ணீரை மணலிலும் கரியிலும் வடிகட்டிக் கடைசித் தொட்டிக்கு விடுவோம். அங்கிருந்து தோட்டத்துச் செடிகளுக்குப் போகும். மழைக்காலத்தில் தோட்டமே முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது செடிக்கு யார் தண்ணீர் விடுவது? அப்போது தொட்டி வழிந்து வெளிக் கால்வாயில் இறங்கும். அந்தக் கால்வாய் ஏரிக்குப் போகிறது.

கடைசித் தொட்டியில் மீன் விடுவது எங்களைப் போன்ற இடங்களில் ஒரு வழக்கம். ஆய்வுக்கு அதிகாரி வந்தாலும் சரி, எங்களிடம் பொருள் வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட் என்று யாராவது வந்தாலும் சரி, ஃபைல், ரிப்போர்ட் எல்லாம் காட்டி முடித்த பிறகு தொட்டிப் பக்கம் கூட்டி வருவோம். நான் ஒரு பிடி பொரி போடுவேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். வந்தவர் முகம் மலர்ந்துவிடும். "அட, மீனே உயிரோட இருக்கே!" என்பார். அதற்கப்புறம் அவர் ஃபைலைத் திருப்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

சில இடங்களில் ஆய்வுக்கு முந்தின நாள் புது மீன் வாங்கி விடுவார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். என் காதில் விழுந்தால் எனக்குச் சுள்ளென்று ஏறும். என் தொட்டியில் அந்தத் தில்லுமுல்லு கிடையாது. நாலு வருடமாக அதே ஆறு ஜிலேபி மீன்கள். ஒன்றுகூடச் சாகவில்லை. இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாலாஜாபாத் போகிற வழியில், அதே ஏரிக்கரை ஓரமாக இருக்கிறது அவர் ஊர். நாலைந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்துக்கொண்டு அங்கே ஒரு குட்டையில் மீன்குஞ்சு வளர்க்கிறார். பண்ணையிலிருந்து கட்லா, ரோகு பொடிக்குஞ்சுகளை ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் வாங்கி வருவார்கள். மழையில் ஏரி ஏறினதும் மோட்டார் போட்டுக் குட்டையை நிரப்பி அதில் விடுவார்கள். அவை விரல் நீளம் வளர்ந்ததும் ஏரி குத்தகைக்கு எடுத்தவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். அண்ணி கொடுத்த குஞ்சு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பேர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பேர் கெட்டுப் போனது. குட்டையில் விட்ட கொஞ்ச நாளில் குஞ்சுகள் இடம் தெரியாமல் சுற்ற ஆரம்பித்தன. பாதிக்கு மேல் செத்தன. பிழைத்ததை வாங்கிப் போனவர்களும் திரும்பி வந்து சத்தம் போட்டார்கள். "முதுகு கோணிகினு கீதுமே, நீஞ்சவே தெரியல அதுக்கு" என்று அண்ணி என்னிடம் சொன்னார். சொந்தக்காரர்கள் யாரும் என் முகத்துக்கு நேராக எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். உங்கள் கம்பெனித் தண்ணீர்தானே என்பது அந்த அமைதிக்கு அர்த்தம். என் வீட்டுக்காரர் சுங்குவார்சத்திரம் பக்கம் ஷிப்ட்டுக்குப் போகிறவர். "அக்காவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல என்னை இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வருடம் மழைக்கு முன்னால் நானே அண்ணியிடம் சொன்னேன், "ஆயுத பூஜைக்கு வாங்க. உங்க கண்ணால பாருங்க. அப்புறம் பேசுங்க."

நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் ஆயுத பூஜையன்று கம்பெனிக்கு வராத குடும்பம் இந்தப் பக்கம் கிடையாது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் கேட்டைத் திறந்து வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கும். அண்ணி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். பிளேட்டிங் லைன், ஸ்வீட் பாக்ஸ், வாழைமரம் எதையும் அவர் சரியாகப் பார்க்கவில்லை. நேராகக் கடைசித் தொட்டிக்குப் போய்க் குந்திக்கொண்டார்.

நான் பொரி போட்டேன். ஐந்து மீன்கள் மேலே வந்தன.

"எத்தினி வருசமா கீது இதுங்க?"

"நாலு வருஷம் அண்ணி. ஒண்ணுகூடச் சாவல." எனக்குப் பெருமை பொங்கியது.

அவர் தலையைச் சாய்த்துத் தொட்டியின் மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். பிறகு கேட்டார், "குஞ்சுங்க எங்கே?"

"எந்தக் குஞ்சு?"

"இன்னாமே நீ! ஜிலேபிமே இது. சும்மா ரெண்டை வூட்டுத் தொட்டியில போட்டாலே நாலு மாசத்துல தொட்டி ரொம்பிடும். நாலு வருசத்துல ஒரு குஞ்சுகூடவா இல்ல?"

நாலு வருடமாக நான் அந்தத் தொட்டியைத் தினமும் பார்க்கிறேன். அந்தத் தொட்டிக்கு முன்னால் எத்தனையோ படித்தவர்கள் நின்று போட்டோ எடுத்திருக்கிறார்கள். ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. மீன் சாகவில்லையா, தண்ணீர் நல்ல தண்ணீர். இவ்வளவுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

"எல்லாம் ஆம்பளையா இருக்கும்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். கோயமுத்தூர்க்காரர், மரியாதையான மனிதர். "ஆமாங்க, பண்ணையில ஆம்பளை மீனா பாத்துத்தான் குடுப்பாங்க. அதுதானுங்க சீக்கிரம் வளரும்" என்றார்.

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் சரி சார். தோ, ஓரமா நிக்குது பாரு, அது பொம்பளை. தாடை உப்பிகினு கீது. வாயில முட்டை வச்சிகினு கீது சார் அது."

ஜிலேபி மீன் முட்டையை வாயில் வைத்துத்தான் அடைகாக்கும் என்று அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நாட்களில் தாய் ஒன்றும் தின்னாதாம். பொரித்த பிறகும் கொஞ்ச நாள் குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காக்குமாம். அந்த மீனை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்துப் பன்னிரண்டு நாள் பொரிக்கு மேலே வராது. "உனக்கு என்னடி அவ்வளவு திமிரு" என்று எத்தனையோ தடவை அதைத் திட்டியிருக்கிறேன். அப்படியென்றால் அத்தனை தடவையும் அது வாயில் முட்டையோடுதான் நின்றிருக்கிறது. அந்தக் குஞ்சுகள் எல்லாம் எங்கே போயின?

"பெரிய மீனுங்க தின்னிருக்கும்" என்றார் மேனேஜர்.

"தின்னும்தான்" என்று அண்ணி ஒத்துக்கொண்டார். "வெறும் சிமெண்டுத் தொட்டி, ஒளிய எடமில்ல. ஆனா ஒண்ணுகூடவா தப்பாது?"

போகும்போது என்னைத் தனியே இழுத்துச் சொன்னார். "கூடையில கொசுவலை கட்டி அந்தத் தாயை மட்டும் தனியா வுடு. மெதுவாப் புடி, பயந்துட்டா முட்டையை முழுங்கிடும். குஞ்சு வருதா, நிக்குதா பாரு. மழை வந்துகினே கீது. குட்டை ரொப்பணுமா, வேணாமான்னு நீதான் சொல்லணும். இந்த வருசமும் சாவு வந்தா எங்கிட்ட எவனும் குஞ்சு எடுக்க மாட்டான். அப்பால நானும் எதுனா கம்பெனில ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு பஸ்ல ஏற வேண்டிதுதான். நீ போடுன்னா போடறேன், வேணாம்னா வுட்டுடறேன்."

உதிரிபாகங்கள் அடுக்கி வருகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றில் கொசுவலை கட்டி, கடைசித் தொட்டியிலேயே இறக்கினேன். தாயைப் பிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. என்னோடு வேலை செய்கிறவர்கள், "அக்கா பிரசவ வார்டு தொறந்துட்டாங்க" என்று கிண்டல் பண்ணினார்கள். நான் சட்டை பண்ணவில்லை. வந்ததும் முதல் வேலையாகக் கிரேட்டை எட்டிப் பார்ப்பேன். வேலை முடிந்து கிளம்பும்போது இன்னொரு தடவை பார்ப்பேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில் குஞ்சுகள் வந்திருந்தன. சீரகம் அளவு, கண் மட்டும் பெரிதாக, தாயின் தலையைச் சுற்றி ஒரு கூட்டம். நான் கையை அசைத்ததும் அத்தனையும் தாயின் வாய்க்குள் போய் ஒளிந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே போனில் வீடியோ எடுத்தேன். அன்றைக்கென்று பார்த்து மாதாந்திர லேப் ரிப்போர்ட்டும் வந்திருந்தது. ஜிங்க், நிக்கல், காப்பர், குரோமியம் எல்லாம் அளவுக்குள். வீடியோவையும் ரிப்போர்ட்டையும் சேர்த்து அண்ணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, வாயாலும் பேசி அனுப்பினேன்: "பாத்தீங்களா அண்ணி? தண்ணி நல்ல தண்ணி. தாராளமா குட்டை ரொப்புங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்கள் யாரிடமும் நானாகப் போய்ப் பேசவில்லை. அவ்வளவு கெத்து.

செவ்வாய்க்கிழமை காலை கிரேட்டைப் பார்த்தபோது ஐந்தாறு குஞ்சுகள் வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன. முதலில் விளையாடுகின்றன என்று நினைத்தேன். நான் கையை அசைத்தும் அவை தாயிடம் போகவில்லை. சில மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்றை டீ கிளாஸில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அதன் வால் பக்கம் ஒரு புறமாக வளைந்திருந்தது. முதுகு கோணிகினு கீதுமே என்று முந்தின வருடம் அண்ணி சொன்ன குரல் அப்படியே காதில் கேட்டது.

அன்று பதினோரு மணிக்கு அண்ணியிடமிருந்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பின பதிவு வந்தது. சந்தோஷமான குரல். "பண்ணைக்குச் சொல்லிட்டேம்மே. சனிக்கெழமை காலையில போயி பாக்கெட்டு எடுத்துகினு வந்துடறோம். ஏரி நல்லா ஏறிகீது. நாளைக்கி மோட்டார் போட்டுடுவேன். சரிதான?"

நான் அதை இரண்டு தடவை கேட்டேன். என்ன சொல்வது? ஒரே ஒரு கிரேட், ஒரே ஒரு தாய். எதனால் என்று எனக்கே தெரியாது. முட்டை மஞ்சள்கருவைக் கரைத்துப் போட்டேனே, அது ஒத்துக்கொள்ளவில்லையோ? கொசுவலையில் ஏதாவது மருந்து தடவியிருந்ததோ? வெயிலோ? நன்றாகத் தெரிந்துகொண்டு சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதுவரைக்கும் பதில் போடாமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று சரி என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்பிவைத்தேன்.

சாயங்காலம் மிச்சமிருந்த குஞ்சுகளில் கொஞ்சத்தை இரண்டு பாலிதீன் பைகளில் பிடித்து, ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு மண்ணூரில் இருக்கிற என் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இரண்டு வாளி வைத்தேன். ஒன்றில் எங்கள் தெரு போர் தண்ணீர். இன்னொன்றில் கேன் தண்ணீர். கேன் தண்ணீர்தான் எங்கள் பக்கத்தில் ஒசத்தி. குடிக்க, குழந்தைக்குப் பால் கலக்க, விருந்தாளி வந்தால் கொடுக்க எல்லாம் கேன்தான். அதை விடச் சுத்தமான தண்ணீர் ஏது? கேன் தண்ணீரில் குஞ்சு பிழைத்து, தொட்டியில் செத்தால் குற்றம் எங்கள் தண்ணீர் மேல். கேனிலும் செத்தால் குற்றம் வேறு எதன் மேலோ. நானே போட்ட கணக்கு இது. என்ன அழகான கணக்கு!

காலையில் எழுந்து பார்த்தால் கேன் தண்ணீரில் இருந்த அத்தனையும் செத்து வெள்ளையாகக் கிடந்தன. போர் தண்ணீரில் பாதி உயிரோடு இருந்தன. கம்பெனிக்குப் போய்ப் பார்த்தால் கிரேட்டில் கால்வாசிதான் மிச்சம், அதிலும் சில சுற்றின. நான் வாளியைப் பார்த்ததும், வாளி என்னைப் பார்த்ததும்தான் மிச்சம். இருக்கிறதிலேயே நல்ல தண்ணீரில்தான் முதலில் செத்திருக்கிறது. அப்படியானால் எங்கள் தொட்டித் தண்ணீர் அதைவிடத் தேவலையா? அல்லது குஞ்சுகள் தொட்டியிலிருந்து வரும்போதே நோயோடு வந்தனவா? பையில் கொண்டு வந்த ஆட்டத்தில் செத்தனவா? எனக்கு மண்டை காய்ந்துபோனது. வீட்டுக்காரர், "கேன் தண்ணியில ஏதோ கீது போல, இனிமே குடிக்கவேணாம்" என்று சொல்லி வேறு பயத்தைக் கிளப்பினார்.

மாதிரி எடுக்க வருகிற லேப் ஆளுக்குப் புதன்கிழமை போன் போட்டேன். பொறுமையான மனிதர்.

"கேன் தண்ணியில உப்புச் சத்தே இருக்காது மேடம். அந்த வயசுக் குஞ்சுக்கு அது தாங்காது. அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது" என்றார்.

"சரி, எங்க தொட்டியில ஏன் சாவுது? நீங்கதானே எல்லாம் அளவுக்குள்ளன்னு குடுத்தீங்க?"

"அளவுக்குள்ளதான் மேடம். அது தண்ணியை வெளிய விடறதுக்கான அளவு. குஞ்சு வளக்கறதுக்கான அளவு இல்ல. பெரிய மீனு தாங்கும். குஞ்சோட செவுளு இத்தனூண்டு. ஜிங்க்கோ காப்பரோ துளி இருந்தாக்கூட அதுல போய் ஒட்டும், மூச்சு முட்டும். முதுகெலும்பு வளையறதும் உண்டு."

"அப்போ ஜிங்க்தான் கொன்னுதா?"

"அப்படிச் சொல்ல முடியாது மேடம். அம்மோனியாவா இருக்கலாம், தீனியா இருக்கலாம். தனியா டெஸ்ட் பண்ணணும்."

"யோவ், ஆமாவா, இல்லையா, ஒண்ணைச் சொல்லுய்யா!" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்தேன்.

வியாழக்கிழமை புதுக் கொசுவலை மாற்றினேன், தீனியை நிறுத்தினேன், கிரேட்டுக்கு மேலே சாக்குப் போட்டு நிழல் பண்ணினேன். ஒரு வேளை சாவு நின்றது, மறுவேளை இரண்டு செத்தன. நிற்கும்போதெல்லாம், நல்லவேளை அண்ணியிடம் சொல்லவில்லை என்று தோன்றும். சாகும்போதெல்லாம், இன்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். போனை எடுத்து எடுத்து வைத்தேன். சொல்லிவிட்டுக் காரணம் என்ன என்று அவர் கேட்டால் என்னிடம் என்ன இருக்கிறது? நானே போட்ட பெருமைப் பேச்சை நானே எப்படி விழுங்குவது? இரண்டாவதுதான் பெரிய காரணம். அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கிரேட்டைப் பார்த்துவிட்டார். அடியில் செத்த குஞ்சுகள் தூசு மாதிரி கிடந்தன. அவர் முகம் மாறியது.

"அடுத்த வாரம் ஆடிட் வருதுங்க. இதையெல்லாம் எதுக்குங்க நோண்டறீங்க? ரிப்போர்ட் சரியா இருக்குதில்ல?"

"குஞ்சு நிக்கலியே சார்."

அவர் கோபப்படவில்லை. "ஒண்ணு செய்யுங்க. பொம்பளை மீனை எடுத்துருங்க. ஆம்பளை மட்டும் இருக்கட்டும். அப்புறம் குஞ்சு எங்கேன்னு யாரும் கேக்க மாட்டாங்கல்ல" என்றார்.

நான் சிரித்தேனா, அழுதேனா என்று நினைவில்லை. அவர் சொன்னதைச் செய்தேன் என்பது நினைவிருக்கிறது. மறுநாள் காலையில் அந்தத் தாயையும், தேடிப் பார்த்ததில் இன்னொரு பெண்மீனையும் வாளியில் பிடித்து வைத்தேன். இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்ததும் வாளியை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நேராக அண்ணி ஊருக்கு விட்டேன். வழியெல்லாம் ஒரே மழைத் தூறல். பண்ணையில் கூட்டமாக இருக்கும், மழையில் வண்டி கிடைத்திருக்காது, இன்னும் வந்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

வேலியில் காலிப் பாலிதீன் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. குட்டை நிறைந்திருந்தது. அண்ணியும் குழுப் பெண்களும் கரையில் உட்கார்ந்து தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"தோ வந்துட்டா பாரு, எங்க தம்பி பொண்டாட்டி!" என்று அண்ணி எழுந்தார். "இவ சொல்லித்தான் துணிஞ்சி வுட்டோம். கம்பெனியில அவ பாக்காத தண்ணியா?" ஒரு பெண் எனக்கு உட்காரச் சாக்கு விரித்தாள். இன்னொருத்தி டீ வாங்கி வர ஓடினாள்.

நான் உட்காரவில்லை. "எடுத்துட முடியுமா அண்ணி?" என்றேன். "இன்னாத்தை?" என்றார். அதற்கு மேல் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுற்றினது, வளைந்தது, கேன் தண்ணீர், லேப்காரர், ஆம்பளை மீன், எல்லாம். எனக்கே புரியாததை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? நடுநடுவே, "ஆனா எதனாலன்னு தெரியல அண்ணி, ஒரு வேளை ஒண்ணியும் ஆவாது" என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடுகு அளவு குஞ்சுகளை அவ்வளவு தண்ணீரிலிருந்து யார் திரும்பப் பிடிக்க முடியும்?

அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார். "என்னிக்கி சுத்த ஆரம்பிச்சுது உன்னுதுங்க?"

"செவ்வாக்கெழமை."

அவர் திரும்பிப் போய்த் தவிட்டு உருண்டையை எடுத்துக் குட்டையில் போட்டார். பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

குட்டையில் என்ன நடந்தது என்று கேட்டால், அதையும் என்னால் நேராகச் சொல்ல முடியாது. ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அதற்கப்புறம் சில சுற்றின, சில செத்தன. பிறகு நின்றது. பாதி போய், பாதி மிஞ்சியது. அந்த ஏரிக்கு எங்கள் கால்வாய் மட்டுமா வருகிறது? லாரி கழுவுகிற ஷெட், பெயிண்ட் அடிக்கிற கம்பெனி, வயல் மருந்து எல்லாம் அங்கேதான் இறங்குகிறது. எங்கள் தண்ணீர்தான் என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை, இல்லை என்று செய்யவும் முடியவில்லை. படித்த படிப்பும் ஒன்பது வருட சர்வீஸும் எனக்கு ஒரு பைசாவுக்கு உதவவில்லை.

மிஞ்சிய பாதி நன்றாக வளர்ந்தது. விரல் நீளம், பளபளவென்று. வாங்க ஆள் வந்தான். அண்ணி கொடுக்க மாட்டேன் என்றார். குழுப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். நானும் போய், "நல்லாத்தானே இருக்கு அண்ணி, குடுத்துடுங்களேன்" என்றேன்.

"பாக்க நல்லாத்தான் கீது" என்றார் அண்ணி. "உன் தொட்டி மீனும் பாக்க நல்லாத்தான் இருந்துச்சி. உள்ள இன்னா கீதுன்னு எனுக்குத் தெரியுமா? போன வருசம் வாங்கினவங்க மூஞ்சியை நான்தான பாத்தேன்."

குழு உடைந்தது. மீன்கள் குட்டையிலேயே கிடந்தன, கோடையில் தண்ணீர் வற்றியபோது கொக்குகள் வந்தன. அண்ணி இப்போது காலை ஐந்தரைக்குச் சாலையில் நின்று கம்பெனிப் பஸ்ஸில் ஏறுகிறார். வேறு ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். எங்கள் கம்பெனி ஆடிட் நல்லபடியாக முடிந்தது. நான்தான் பொரி போட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என்னிடம் பேசாமல் இல்லை. எல்லாம் பேசுவார், மீன் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார். அது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"எம்மேல கோவமா அண்ணி?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தண்ணி நல்லாகீதுன்னு சொன்னியே, அதுக்கு இல்லமே. அன்னிக்கி நீ பாத்ததைச் சொன்ன. செவ்வாக்கெழமை எனுக்குக் கட்டவெரலு அனுப்பினியே, அதுக்குத்தான்."

அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியாது அண்ணி, குழம்பிப் போய்த்தான் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய்யில்லை, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாது என்று அன்றைக்கு நான் அனுப்பியிருக்கலாம்.